அறைத்தோழருக்கு ஃப்ளூ: மற்ற மூவரும் என்ன செய்யலாம்?

விடுதியில் நான்கு பேருக்கு ஒரே அறை, ஒருவருக்கு நேற்றிலிருந்து ஃப்ளூ, பத்து நாளில் தேர்வு என்று எழுதியிருந்தீர்கள். அவரை வேறு அறைக்கு மாற்ற முடியுமா என்று வார்டனிடம் இன்றே கேளுங்கள். தயங்காதீர்கள், இது அவரை ஒதுக்குவது ஆகாது. காலி அறை இல்லையென்றால் அவர் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தி, ஜன்னலைத் திறந்தே வையுங்கள். அறைக்குள் எல்லோரும் முகக்கவசம் போடுங்கள்.

காய்ச்சல் தெரிவதற்கு முதல் நாளே வைரஸ் பரவத் தொடங்கிவிடும். அதனால் உங்களுக்கும் ஏற்கெனவே தொற்றியிருக்கலாம், 1 முதல் 4 நாளுக்குள் தெரிந்துவிடும். திடீர்க் காய்ச்சல், உடம்பு வலி என்றால் உடனே மருத்துவரைப் பாருங்கள். வைரஸ் எதிர்ப்பு மருந்தை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். ஆன்டிபயாடிக் இதற்கு உதவாது. யாருக்காவது மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போவதை மட்டும் அவர் செய்யவே கூடாது. நான் படித்தபோது ஒருவர் அப்படித்தான் வந்தார். அவருடைய தண்ணீர் பாட்டில் பின்வரிசை முழுக்கக் கைமாறியது, அடுத்த சில நாளில் அந்த வரிசையில் பாதி காலி. மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு போகட்டும். குறிப்புகளை நீங்கள் படமெடுத்து அனுப்பிவிடுங்கள், பாடம் போய்விடுமே என்ற பயத்தில்தான் பலர் எழுந்து வருகிறார்கள்.

கதவுப்பிடி, சுவிட்சுகளைத் தினமும் துடையுங்கள். தடுப்பூசி பலன் தர இரண்டு வாரமாகும், இந்தத் தேர்வுக்கு முழுதாக உதவாது. இருந்தாலும் உடம்பு நன்றாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.