மருமகனிடம் கையெழுத்து கேட்கிறது அணி: போடலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறேன். என் மருமகன் என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) வீரர். ஒப்பந்தத்தில் இன்னும் 3 ஆண்டுகள் பாக்கி. இந்த ஆண்டுச் சம்பளம் 1 கோடியே 20 லட்சம் டாலர், அடுத்த ஆண்டு 1 கோடியே 40 லட்சம், ஆனால் அதற்கு கேரன்டி இல்லை, அணி நீக்கிவிட்டால் வராது. இப்போது இந்த ஆண்டுச் சம்பளத்தில் 1 கோடியை சைனிங் போனஸாக (கையெழுத்துப் போட்டதற்குத் தரும் தொகையாக) மாற்றி, 2 வாய்ட் இயர் சேர்க்க வேண்டும் என்று அணி கேட்கிறது. சம்பளத்தில் கை வைக்கிறார்களோ என்று மகள் பயப்படுகிறாள்.

பதில்: மகளிடம் முதலில் சொல்லுங்கள் அம்மா, இது சம்பளக் குறைப்பு இல்லை. ஒரு டாலர்கூடக் குறையாது, சீசனில் வாராவாரம் வர வேண்டிய பணம் முன்னாடியே கைக்கு வருகிறது, அவ்வளவுதான். (எந்தத் தேதியில், எத்தனை தவணையில் என்று மட்டும் தாளில் பாருங்கள்.)

அணிக்கு ஏன் இது வேண்டும்? வீரர்களுக்காக ஓர் அணி ஓர் ஆண்டில் கணக்கு எழுதக்கூடிய உச்சவரம்புதான் சாலரி கேப், அதைத் தாண்ட முடியாது. 2025-இல் அது 27 கோடியே 92 லட்சம் டாலராக இருந்தது. சம்பளம் அந்தந்த ஆண்டுக் கணக்கில் முழுசாக விழும், ஆனால் சைனிங் போனஸை அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதலாம். பாக்கி 3 ஆண்டுகளோடு, அவர் ஆடப்போகாத, கணக்குக்காக மட்டும் ஒட்டும் 2 வாய்ட் இயர் சேர்ந்தால் 5. ஆண்டுக்கு 20 லட்சம். மிச்சச் சம்பளம் 20 லட்சத்தையும் கூட்டினால் இந்த ஆண்டு அவர் பெயரில் விழுவது 40 லட்சம்தான். அணிக்கு 80 லட்சம் இடம் கிடைத்துவிட்டது.

இனிமேல்தான் விஷயம். “இவ்வளவு போனஸ் பிரித்து வைத்திருக்கிறோம், இனி உங்களை அணியிலிருந்து நீக்க மாட்டோம்” என்று பேச்சு வரும். அதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். அடுத்த ஆண்டு அவரை நீக்கினால் பாக்கி 80 லட்சமும் டெட் மணியாக (அணியில் இல்லாத வீரருக்காக கேப் கணக்கில் விழும் தொகையாக) ஒரேயடியாக விழும், உண்மைதான். ஆனால் வைத்துக்கொண்டால் சம்பளம், போனஸ் பங்கு சேர்த்து 1 கோடியே 60 லட்சம் விழுமே! நீக்கினாலும் அணிக்கு 80 லட்சம் லாபம். ஜூன் 1-க்குப் பிந்தைய நீக்கமாக அறிவித்தால் (ஆண்டுக்கு 2 பேரை அப்படிச் செய்யலாம்) அந்த ஆண்டில் விழுவது 20 லட்சம்தான், மீதி அதற்கடுத்த ஆண்டுக்குப் போகும்.

2024 மார்ச்சில் டென்வர் பிராங்கோஸ் அணி தன் வீரர் ரஸ்ஸல் வில்சனை நீக்கியபோது 8.5 கோடி டாலர் டெட் மணியை 2 ஆண்டுகளில் சுமக்கத் தயாராக இருந்தார்கள். வில்சனைக் காப்பாற்றியது அந்த டெட் மணி இல்லை. அந்த ஆண்டுக்கு 3 கோடியே 90 லட்சம் கேரன்டி எழுதியிருந்தது. அவரைச் சேர்த்துக்கொண்ட பிட்ஸ்பர்க் அணி குறைந்தபட்சச் சம்பளமாக 12 லட்சத்து 10 ஆயிரம் கொடுக்க, மிச்சத்தை டென்வரே கொடுத்தது.

அதனால் மருமகன் கேட்க வேண்டியது அடுத்த ஆண்டுச் சம்பளத்துக்கு கேரன்டி. முழுசாகக் கிடைக்காவிட்டால் பாதிக்காவது கேளுங்கள். காயத்துக்கு மட்டும் என்றால் போதாது. ஆட்டத்திறன் குறைந்ததாகச் சொல்லியோ கேப் இடத்துக்காகவோ நீக்கினாலும் பணம் வர வேண்டும், மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

ஒரு சிக்கல். வீரரின் சம்மதம் இல்லாமலே சம்பளத்தை போனஸாக மாற்றும் உரிமையை அணிக்குக் கொடுக்கும் பத்தி பல ஒப்பந்தங்களின் இணைப்பில் இருக்கிறது. அது இருந்தால் பேரத்துக்கு இடம் குறைவு. ஆனாலும் அவரிடம் கையெழுத்து கேட்கிறார்கள் என்பதால், அந்தப் பத்தி இல்லை, அல்லது வாய்ட் இயர் சேர்க்க அது போதவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், திருப்பிக் கொடுக்கும் விதி. ஆடிச் சம்பாதித்த சம்பளத்தை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள், சைனிங் போனஸைக் கேட்கலாம். 2016-இல் ஓய்வு பெற்ற கால்வின் ஜான்சனிடமிருந்து டெட்ராய்ட் லயன்ஸ் 10 லட்சம் டாலருக்கு மேல் திரும்ப வாங்கியது. மருமகனுக்குச் சீக்கிரம் ஓய்வு பெறும் எண்ணம் இருந்தால் அந்த 1 கோடியை வீட்டுக் கடனில் போட்டுவிட வேண்டாம்.

வீரர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் அவருக்கு இருப்பார். திருத்தத் தாளையும் பழைய இணைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கேரன்டி பத்தியில் என்ன மாறியிருக்கிறது என்று அவரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதில் வந்த பிறகு கையெழுத்துப் போட்டால் போதும்.