ஓனர் விட்டுப்போன சோபாவை என்ன செய்வது?

கேள்வி: புதிதாக வாடகைக்கு வந்த வீட்டில் ஓனரின் பழைய சோபா, இரட்டைக் கட்டில் மெத்தையோடு, ஒரு மர பீரோ எல்லாம் அப்படியே கிடக்கின்றன. எங்களிடம் எல்லாமே இருக்கிறது. எடுத்துக்கொள்ளச் சொன்னால், “இருக்கட்டும், யூஸ் பண்ணிக்கங்க” என்கிறார். ஹாலில் நடக்க இடமில்லை. பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பயன்படுத்தத்தான் சொன்னார், உங்களுக்கே கொடுத்துவிடவில்லை. இன்றைக்கு ஓட்டை சோபாவாக இருப்பது, நீங்கள் காலி செய்யும் நாளில் அவர் கணக்கில் தேக்கு சோபாவாகி அட்வான்ஸில் கழிந்துவிடும்.

அவர் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார் என்று யோசித்தீர்களா? பெரும்பாலும் அவர் வீட்டிலும் வைக்க இடம் இருக்காது. அதனால் “எடுத்துப் போங்க” என்று எத்தனை முறை சொன்னாலும் நகராது. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, கிழிசல், கீறல் எல்லாம் தெரிகிற மாதிரி வாட்ஸ்அப்பில் அனுப்பி, கூடவே இதைக் கேளுங்கள்: ஒரு தேதிக்குள் எடுத்துக்கொள்கிறாரா, உங்களையே விற்கச் சொல்கிறாரா, அல்லது கழற்றி ஒரு ஓரமாக வைக்கச் சம்மதமா? வண்டிச் செலவில் பாதியை ஏற்பதாக நீங்களே சொல்லிப் பாருங்கள், பல ஓனர்கள் அங்கேதான் இறங்கி வருவார்கள். போனில் சரி என்றால் போதாது, பதில் எழுத்தில் வரட்டும்.

வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் கட்டிலைக் கழற்றிவிடுங்கள், பாதி ஹால் திரும்பக் கிடைக்கும். கழற்றும்போது ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு பக்கமும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். ஸ்க்ரூக்களை ஒரு கவரில் போட்டு, கட்டிலின் தலைப்பலகையிலேயே கட்டித் தொங்கவிடுங்கள் (சமையலறை டிராயரில் போட்ட ஸ்க்ரூ என்றைக்குமே கிடைக்காது). மெத்தையை ஓரம் கட்டுவதற்கு முன் தையல் மடிப்புகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி இருக்கலாம். அது ரத்தம் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சும்மா மூடி வைத்தால் போய்விடாது. அதையும் போட்டோ எடுத்து உடனே ஓனருக்கு அனுப்புங்கள், அதுவரை எடுக்காதவர் மெத்தையை மட்டுமாவது எடுக்க வாய்ப்புண்டு. பீரோவை ஈரம் ஊறும் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், கை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் முதுகுப் பலகையில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பழியும் உங்கள் தலையில்தான் விழும்.

அக்ரிமென்ட்டில் சாமான் பட்டியல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் இப்போதாவது எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: ஓனரின் ஃபிரிட்ஜ் எங்களுக்குத் தேவையில்லை. ஆஃப் செய்து மூலையில் நிறுத்தி வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் கதவை மூடி வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, ஐஸ் முழுக்கக் கரைந்ததும் ரப்பர் ஓரம் வரை துடைத்துக் காயவைத்து, கதவு மூடாதபடி இடையில் ஒரு துணியைச் செருகிவிடுங்கள். மூடியே கிடந்தால் உள்ளே பூஞ்சை பிடித்து நாற்றம் அடிக்கும். சிறு குழந்தைகள் இருந்தால் கதவைத் திறந்து விடுவது ஆபத்து, ஓனரிடம் அதைச் சொல்லி எடுக்கச் சொல்வதே சரி. நகர்த்தும்போது நிமிர்த்தியே கொண்டுபோங்கள், படுக்க வைக்க நேர்ந்தால் நிமிர்த்திச் சில மணி நேரம் விட்ட பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும்.