மூன்று அணுக்களும் குறைந்தால்: உண்ணித் தொற்றும் எலும்பு மஜ்ஜையும்

கேள்வி: எங்கள் ஐந்து வயது ஜெர்மன் ஷெப்பர்டு நாய்க்கு மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. பரிசோதனையில் சிவப்பணு, வெள்ளணு, இரத்தம் உறைய உதவும் தட்டணு மூன்றுமே குறைவாக இருந்தன. உண்ணியால் வரும் எர்லிக்கியா தொற்று என்று சொல்லி மூன்று வாரங்களாக டாக்ஸிசைக்ளின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தைக் கொடுக்கிறோம், எண்ணிக்கை உயரவில்லை. இப்போது இரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையைச் சோதிக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். இது அவசியமா? புற்றுநோயாக இருக்குமோ?

பதில்: உங்கள் மருத்துவர் சொல்வது சரியான யோசனை என்றே கருதுகிறேன். புற்றுநோய் என்ற முடிவுக்கு இப்போதே வர வேண்டாம். புற்றுநோய் இல்லாமலேயே இந்தத் தொற்று மூன்று வகை அணுக்களையும் இந்த அளவுக்குக் குறைத்துவிடக் கூடும்.

எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியா, பழுப்பு நிற நாய் உண்ணி கடிக்கும்போது உடலில் புகுந்து, மோனோசைட் என்னும் வெள்ளணுக்களுக்குள் தங்கிப் பெருகுகிறது. கடித்த ஒன்று முதல் மூன்று வாரங்களில் காய்ச்சல், சோர்வு, நிணநீர்க் கணுக்களின் வீக்கம் ஆகியவை தோன்றும். இந்தத் தொடக்க நிலையிலும் தட்டணுக்கள் குறையும். ஆனால் காரணம் மஜ்ஜையில் இல்லை. நோய் எதிர்ப்பு மண்டலமும் மண்ணீரலும் அவற்றை அழிப்பதே காரணம். அப்போது மஜ்ஜையை எடுத்துப் பார்த்தால், இழப்பை ஈடுகட்டும் வேகத்தில் அது செல்களால் நிறைந்திருப்பதையும், தட்டணுக்களை உருவாக்கும் பெரிய செல்களான மெகாகேரியோசைட்டுகள் பெருகியிருப்பதையும் காணலாம். இந்த நிலையில் மருந்து தொடங்கினால் பெரும்பாலான நாய்கள் ஓரிரு நாட்களிலேயே தெளிவடையும். தட்டணுக்களும் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் மீளும்.

சிகிச்சையின்றிப் போனால், வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் மாதக்கணக்கிலும் சில நாய்களில் ஆண்டுக்கணக்கிலும் கிருமி உள்ளேயே இருந்துவிடும். அவற்றுள் சில நாய்கள் நாட்பட்ட நிலைக்குச் செல்லும்போது மஜ்ஜையின் தோற்றம் நேர்மாறாகிறது: மூன்று வகை இரத்த அணுக்களையும் உண்டாக்கும் செல்கள் அருகிப்போய், அவை இருந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது, எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் மட்டும் மிகுந்து தெரிவதுண்டு. வெள்ளணுக்களில் முதன்மையான நியூட்ரோஃபில்கள் இரத்தத்தில் சில மணி நேரமே இருப்பவை. தட்டணுக்களின் ஆயுள் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். சிவப்பணுக்களோ நூறு நாட்களுக்கு மேல் வாழ்பவை. ஆகவே சிவப்பணுவும் சரிந்திருப்பது, மஜ்ஜையின் உற்பத்தி நெடுநாளாகவே தளர்ந்திருப்பதைக் குறிக்கலாம். மூக்கில் வடிந்த இரத்தத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில் இந்த நோய் கடுமையாக வருவது நெடுங்காலமாகவே அறியப்பட்டது.

மூன்று வாரச் சிகிச்சைக்குப் பின்னும் எண்ணிக்கை அசையாததால்தான் மஜ்ஜையைப் பார்ப்பது முக்கியமாகிறது. அது நிறைந்திருந்தால் அணுக்கள் வெளியில்தான் அழிகின்றன என்று பொருள். வெறுமையாக இருந்தால் உற்பத்தியே நின்றிருக்கிறது. புற்றுச்செல்கள் இருந்தால் அவையும் அதிலேயே தெரியும். மயக்கம் கொடுத்து, மேற்கை எலும்பிலிருந்தோ இடுப்பெலும்பிலிருந்தோ சிறிதளவு எடுப்பார்கள். தட்டணு குறைவாக உள்ள நாய்களிலும் இதனால் பெரிய இரத்தக்கசிவு ஏற்படுவது அரிது. ஊசியில் எதுவும் வராவிட்டால் மருத்துவர் சிறு துண்டாக வெட்டி எடுப்பார். வறண்டுபோன மஜ்ஜையில் அந்தத் துண்டே நம்பகமான விடை தரும்.

மஜ்ஜை வெறுமையாகியிருந்தால், கடினமான ஒரு காலத்துக்கு நீங்கள் ஆயத்தமாக வேண்டியிருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. மருந்து கிருமியை அழித்தாலும் மஜ்ஜை மீளப் பல மாதங்கள் ஆகலாம். சில நாய்களில் அது மீளாமலும் போகும். அதுவரை தேவைக்கேற்ப இரத்தம் ஏற்றி, வேறு தொற்று வராமல் காப்பதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. டாக்ஸிசைக்ளினைக் குறைந்தது 28 நாட்கள் முழுமையாகக் கொடுங்கள். எண்ணிக்கை உயரவில்லை என்பதற்காக நடுவில் நிறுத்த வேண்டாம். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுத்தால் இரத்தக்கசிவு கூடும். வெள்ளணு குறைந்திருக்கும் இந்நாட்களில் காய்ச்சல் கண்டால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒருமுறை வந்து குணமான நாய்க்கும் இந்தத் தொற்று மீண்டும் வரும் என்பதால், உண்ணித் தடுப்பு மருந்தை இப்போதிருந்தே தவறாமல் பயன்படுத்துங்கள்.