கட்டிக்குப் போகும் ரத்தத்தைத் தடுக்கும் பெப்டைடு: வாசகர் கேள்விகள்

அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய். கட்டிக்கு ரத்தம் போகாமல் தடுக்கும் பெப்டைடு ஊசி வந்திருக்கிறதாமே, வாங்கலாமா? (கோத்தகிரி)

இரைப்பைப் புற்றுக்கு அப்படி ஒரு பெப்டைடு மருந்து இன்னும் அங்கீகாரம் பெறவில்லை. யாராவது விற்றால் வாங்காதீர்கள். யோசனை என்னவோ நல்ல யோசனைதான். கட்டி ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி வளரப் புது ரத்தக் குழாய்கள் வேண்டும் என்று 1971-லேயே அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் எழுதினார். கட்டி விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து அக்குழாய்களை வரவழைக்கிறது. சில அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு, ரத்தக் குழாய்ச் செல்லில் அந்தப் புரதம் ஒட்ட வேண்டிய இடமான ஏற்பியில் முந்திப்போய் உட்கார்ந்துகொள்ளும். உருவம் சிறியது என்பதால் கட்டிக்குள் சுலபமாக நுழையும். ஆனால் ரத்தத்திலுள்ள நொதிகள் அதைச் சீக்கிரம் வெட்டிவிடும், மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். ஆய்வகத்தில் ஜெயித்தவை பல இங்கேதான் தடுமாறுகின்றன.

இதே வழியில் இன்று நம் கையில் இருப்பது ராமுசிருமாப் என்ற ஆன்டிபாடி. 2014-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதல் சிகிச்சைக்குப் பிறகும் நோய் வளர்ந்தவர்களுக்கு பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்துடன் சேர்த்துக் கொடுத்ததில், இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 7.4 மாதத்திலிருந்து 9.6 ஆனது. இவ்வளவுதானா என்றால், இவ்வளவுதான். விலையையும் கேட்டுவிட்டு, குடும்பமாக உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

அம்மாவுக்கு ராமுசிருமாப் ஊசி போடுகிறார்கள். கோவைக்குப் போய் வருகிறோம். வீட்டில் எதைக் கவனிப்பது? (குன்னூர்)

முதலில் பிபி. இந்த மருந்து அதை ஏற்றும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடிக்கடி பார்த்துக் குறித்து வையுங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பரிசோதிப்பார்கள். புண் ஆறத் தாமதமாகும், அதனால் பல் பிடுங்குவதானாலும் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுவிட்டே செய்யுங்கள். மலம் தார் மாதிரி கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, திடீரென்று வயிறு தாங்க முடியாமல் வலித்தாலோ கோவை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அருகிலிருக்கும் மருத்துவமனைக்கு உடனே போங்கள்.

கிரீன் டீயும் ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்குமாமே? (உதகை)

ஆய்வகச் செல்களில் தடுத்தது உண்மை. அந்த அளவுக்கு மருந்துப் பொருள் கோப்பைத் தேநீரிலிருந்து ரத்தத்தில் ஏறாது. பிடித்தால் குடியுங்கள், ஆறவைத்து.

ஜிம் நண்பர் வயிற்றுப்புண்ணுக்கு பிபிசி-157 பெப்டைடு நல்லது என்கிறார். (கொடைக்கானல்)

விலங்குச் சோதனைகளில் அது ரத்தக் குழாய்களை வளர்த்தது, தடுக்கவில்லை! மருந்தாக அங்கீகாரமும் இல்லை. உள்ளே இருப்பது புண்ணா புற்றா என்று தெரியாமல் அதைப் போட்டுக்கொள்வது விபரீதம். முதலில் எண்டோஸ்கோப்பி, வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்ற சோதனை. கிருமி இருந்தால் மருத்துவர் எழுதித் தரும் ஆன்டிபயாடிக்கை முழுதாகச் சாப்பிடுங்கள்.