சொல் தெரிந்தும் தொடர் அமையாத குழந்தை

வணக்கம்.

என் மகனுக்கு எட்டு வயது. கிரிக்கெட் வீரர்கள், பாம்பு வகைகள் என்று ஒருமுறை கேட்ட பெயரை அவன் மறப்பதில்லை. ஆனால் இன்னும் ‘நேத்து நான் போறேன்’, ‘அக்கா வந்தான்’ என்றே பேசுகிறான். கவனக்குறைவு என்கிறார் ஆசிரியை. இதற்கும், பழக்கத்தால் திறன்களைக் கைவரச் செய்யும் செயல்முறை நினைவுக்கும் தொடர்பு உண்டா?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

கவனக்குறைவு என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பெயர்களை நினைவில் வைப்பதும், வினைமுற்றில் காலத்தையும் பாலையும் பிசகாமல் பொருத்துவதும் ஒரே திறன் அல்ல என்று கருத வலுவான காரணங்கள் உண்டு.

ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர் 1953இல் வலிப்பு நோய்க்காகச் செய்யப்பட்ட அறுவை சிகிச்சையில், புதிய நினைவுகளைச் சேர்க்க உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை இழந்தார். அதன்பின் புதிதாகச் சந்தித்தவர்கள் அவர் நினைவில் தங்கவில்லை. அவரிடம் உளவியலாளர் பிரெண்டா மில்னர் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டுமே பார்த்து, அதன் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டச் சொன்னார். மூன்று நாட்களில் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் முந்தைய நாள் அதைச் செய்த நினைவே அவருக்கு இருக்கவில்லை. செய்திகளைச் சேர்க்கும் நினைவு பழுதான பின்னும், பழகப் பழகக் கைவரும் நினைவு பிழைத்திருந்தது. இதுவே செயல்முறை நினைவு. மூளையின் உட்பகுதியில் உள்ள பேசல் கேங்லியா இதற்கு முக்கியமானது.

சொற்களுக்கு முதல் வகை நினைவும், இலக்கணத்துக்குப் பெரும்பாலும் இரண்டாம் வகை நினைவும் துணைநிற்கின்றன என்பது மூளை-மொழி ஆய்வாளர் மைக்கேல் உல்மனின் கோட்பாடு. வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு (வெளிப்படையான வேறு காரணமின்றி மொழி கற்பதில் நீடிக்கும் சிரமம்) உள்ள பல குழந்தைகளிடம் செயல்முறை நினைவே பலவீனமாக இருக்கலாம் என்ற கருதுகோளை 2005இல் அவரும் எலிசபெத் பியர்பான்ட்டும் முன்வைத்தார்கள். உங்கள் மகனைப் பற்றிய வர்ணனை இதனோடு பொருந்துகிறது. எனினும் இந்த நினைவை அளக்கும் சோதனைகளில் ஒரே குழந்தை இருமுறை பெறும் மதிப்பெண்கள் பெரிதும் வேறுபடுவதுண்டு. ஆகவே குழுக்களை விளக்க உதவும் இக்கருத்தை ஒரு குழந்தைக்கான நோயறிதலாகக் கொள்வதை நான் ஏற்கமாட்டேன்.

முதலில் செவித்திறனைச் சோதியுங்கள். பிறகு பேச்சு-மொழி சிகிச்சையாளர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தானாகப் படியாத விதியை வெளிப்படையாகச் சொல்லித் தந்தால், வலுவாக உள்ள மற்ற நினைவு ஓரளவு ஈடுசெய்யக்கூடும் என்று உல்மன் தரப்பினர் கருதுகிறார்கள். அவன் ‘அக்கா வந்தான்’ என்றால், திட்டாமல், ‘ஆமாம், அக்கா வந்தாள்’ என்று திருத்திய வடிவத்தை உடனே அவன் காதில் விழச் செய்யுங்கள். வகுப்பிலும் அவ்வாறே செய்யும்படி ஆசிரியையிடம் தயங்காமல் கேளுங்கள்.