மின்தடைக்குப் பிறகு நெட்வொர்க் ஸ்விட்ச் எல்லாவற்றையும் மறப்பது ஏன்?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலை நடத்துகிறேன். எடைமேடை, அலுவலகம், கிட்டங்கி ஆகிய மூன்று இடங்களிலும் கணினிகளையும் கேமராக்களையும் கம்பி வழியே இணைக்கும் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 ஸ்விட்ச் இருக்கிறது. சென்ற ஆண்டு புதிது என்று சொல்லி விற்றார்கள். மின்சாரம் போய் வந்தால் எடைமேடைக் கணினிக்கும் அலுவலகத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது, கேமராக்களும் தெரிவதில்லை. போட்டுக்கொடுத்தவர் திருநெல்வேலியிலிருந்து வந்து, 'புரோகிராம் அழிந்துவிட்டது' என்று சரிசெய்துவிட்டு ஒவ்வொரு முறையும் பணம் வாங்குகிறார். இப்போது மூன்றையும் மாற்ற வேண்டும் என்கிறார். பாஸ்வேர்டு கேட்டால் 'உங்களுக்கு எதற்கு?' என்கிறார். சிஸ்கோ நிறுவனத்தின் கையேட்டை இறக்கிப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான பக்கங்கள். எதைப் படிப்பது?

பதில்: எதையும் படிக்க வேண்டாம், அண்ணாச்சி. அந்தக் கையேடு உங்களுக்காக எழுதப்பட்டதல்ல. கட்டளை விளக்கம் ஒரு தொகுதி, அமைப்பு வழிகாட்டி ஒரு தொகுதி, பெட்டியைச் சுவரில் மாட்டுவதற்குத் தனியாக ஒரு தொகுதி என்று பிரித்துவைத்திருப்பார்கள். 'செய்த வேலையைச் சேமிக்காமல் எழுந்து போகாதே' என்ற ஒரு வரியை மட்டும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள்.

உங்கள் தொல்லைக்குக் காரணம் அந்த ஒரு வரிதான். மூன்று ஸ்விட்சுகள் ஒரே நேரத்தில், அதுவும் மின்தடைக்குப் பிறகு மட்டும், கெட்டுப்போவதில்லை. அவர் வந்து நாலு வரி தட்டச்சு செய்ததும் எல்லாம் ஓடுகிறது என்றால் பெட்டிகள் நன்றாகத்தான் இருக்கின்றன.

இந்த ஸ்விட்சில் அமைப்புகள் இரண்டு இடங்களில் இருக்கும். இப்போது ஓடிக்கொண்டிருப்பதன் பெயர் ரன்னிங்-கான்ஃபிக். மின்சாரம் உள்ளவரைதான் அதற்கு உயிர். ஸ்விட்ச் மறுபடி எழும்போது படித்துக்கொள்வதன் பெயர் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக். மின்சாரம் போனாலும் அது அழியாது. முதலாவதை இரண்டாவதில் ஏற்ற 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்' என்று ஒரு கட்டளை உண்டு. பழைய ஆட்கள் 'ரைட் மெமரி' என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். எடைமேடையில் துண்டுச்சீட்டில் குறித்ததைப் பேரேட்டில் ஏற்றாமல் வீட்டுக்குப் போன கணக்கர் கதைதான் இங்கே நடந்திருக்கிறது.

ஏற்றாவிட்டால் என்ன ஆகும்? எடைமேடைக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என்று அவர் பிரித்துவைத்த வி-லேன் பிரிவுகள் (ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனி வலைப்பின்னல்கள்) போய், கம்பி செருகும் எல்லாத் துளைகளும் ஒரே கும்பலில் வந்து நிற்கும். கணினிகளின் எண் முகவரிகள் (ஐபி முகவரிகள்) மட்டும் பழைய பிரிவுப்படியே இருக்கும். அதனால் துளையில் விளக்கு பச்சையாக எரியும், ஆனால் ஒன்று மற்றொன்றைக் காணாது. பச்சை விளக்கைப் பார்த்தும் 'ஸ்விட்ச் போய்விட்டது' என்று ஒருவர் சொன்னால் அவரை நம்பாதீர்கள்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கன்சோல் என்று எழுதிய துளைக்கும் மடிக்கணினியின் யூஎஸ்பி துளைக்கும் இடையே மாட்டும் கேபிள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஸ்விட்சின் கட்டளைத் திரையை மடிக்கணினியில் காட்டும் புட்டி என்ற மென்பொருள் இலவசம். வேகம் 9600 என்று வைக்கச் சொல்லுங்கள். கணினி தெரிந்த எந்தக் கல்லூரிப் பையனும் இதைச் செய்வான். அடுத்த மின்தடை முடிந்து ஸ்விட்ச் எழுந்ததும் திரையைப் பாருங்கள். ஆரம்ப அமைப்பைத் தொடங்கலாமா, ஆம் அல்லது இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி நின்றால், அதில் எதுவுமே சேமிக்கப்படவில்லை, பாஸ்வேர்டும் கிடையாது. இத்தனை நாளும் திறந்து கிடந்த வீட்டுக்குத்தான் அவர் சாவி தர மறுத்திருக்கிறார். அப்படியில்லாமல் பாஸ்வேர்டு கேட்டால், முதல் நாள் செய்ததைச் சேமித்திருக்கிறார், பிறகு செய்த மாற்றங்களை விட்டுவிட்டார் என்று பொருள்.

அவரைக் கடைசியாக ஒருமுறை கூப்பிடுங்கள். பாக்கிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்காருங்கள். சரிசெய்து முடித்ததும் 'சேமித்துவிட்டேன்' என்பார். சரி என்று தலையாட்டாமல், 'பிளக்கைப் பிடுங்கி மாட்டுங்கள் தம்பி' என்று சொல்லுங்கள். ஸ்விட்ச் எழுந்திருக்கச் சில நிமிடங்கள் ஆகும். துளையில் விளக்கு முதலில் ஆரஞ்சு நிறத்தில் நிற்கும்; ஏறத்தாழ 30 விநாடி கழித்துப் பச்சைக்கு மாறும். கம்பிகள் வளையமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றனவா என்று அது சோதிக்கும் நேரம் அது, பயப்பட வேண்டாம். அதன் பிறகு எடைமேடையிலிருந்து ஒரு சீட்டு அலுவலகத்துக்கு வந்தால் வேலை முடிந்தது என்று கொள்ளலாம். மூன்று ஸ்விட்சிலும் இதைச் செய்யுங்கள். லாரிகள் வரிசையில் நிற்கும்போது வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் அறிவிக்கிறதே, அதற்கு முந்தின நாள் மாலை வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் வாரியமே செலவில்லாமல் இன்னொரு முறை சோதித்துக் கொடுத்துவிடும்.

பணம் தருவதற்கு முன் இன்னும் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். பாஸ்வேர்டு எழுதிய காகிதம் ஒன்று. 'ஷோ ரன்னிங்-கான்ஃபிக்' என்று அடித்தால் திரையில் வருவது முழுவதும் ஒரு கோப்பாக இன்னொன்று. சில பக்கங்கள்தான் வரும். அச்சடித்து இரும்புப் பெட்டியில் வையுங்கள். உங்கள் ஆலைக்கு உண்மையான கையேடு அதுதான். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அதில் பாஸ்வேர்டு மறைந்திருப்பதுபோல் தெரிந்தாலும், டைப் 7 என்ற எளிய முறையில் மறைத்ததை எவரும் நொடியில் அவிழ்த்துவிடுவார்கள்.

அவர் தர மறுத்தால்? பாஸ்வேர்டு தெரியாத 2960-ஐ அதன் சொந்தக்காரர் திறக்க நிறுவனமே வழி வைத்திருக்கிறது. முன்பக்கத்தில் உள்ள மோட் பொத்தானை அழுத்தியபடியே மின்சாரம் கொடுக்க வேண்டும். சேமித்த அமைப்பைப் பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுமையாக எழுப்பி, பிறகு பழையதைத் திரும்ப அழைத்துப் புதிய பாஸ்வேர்டு போடலாம். தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இதை இரண்டு முறை படியுங்கள். போட்டுக்கொடுத்தவர் விவரமானவராக இருந்தால் இந்த மீட்பு வழியையே கட்டளை போட்டு அடைத்திருப்பார். அப்போது பொத்தானை அழுத்தினால், தயாரித்த தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குத் திருப்பலாமா என்று ஸ்விட்ச் கேட்கும். 'ஆம்' என்றால் சேமித்தது எல்லாம் துடைத்தெடுக்கப்படும். 'இல்லை' என்றால் ஒன்றும் ஆகாது, வழக்கம்போல் எழுந்துவிடும். ஆகவே அந்தக் கேள்வி வந்தால் 'இல்லை' என்று சொல்லிவிட்டு யோசியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்சிலும் அந்தப் பொத்தானில் விரலை வைக்காதீர்கள். பத்து விநாடி வாக்கில் பிடித்தாலே அமைப்பு அழிந்து மறுபடி எழும். துடைத்த ஸ்விட்சை மறுபடி அமைக்கலாம், ஆனால் எந்தத் துளையில் எந்தக் கம்பி என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இன்றைக்கே ஒரு வெள்ளைத்தாளில் துளை எண்களை எழுதி, எதிரே எடைமேடை, பில் கணினி, கேமரா என்று குறித்துவிடுங்கள். ஒவ்வொரு கம்பியிலும் ஒரு ஒட்டுச்சீட்டு. இதற்குப் பாஸ்வேர்டு தேவையில்லை. யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இனி 'புதிது' என்ற சொல்லுக்கு வருவோம். 2960 வரிசையின் விற்பனையை நிறுவனமே நிறுத்திவிட்டது. சென்ற ஆண்டு உங்களுக்குப் புதிது என்று கொடுத்தது, பெரும்பாலும் எங்கோ ஓர் அலுவலகத்திலிருந்து கழற்றித் துடைத்து, புதிய அட்டைப்பெட்டியில் அடைத்த சரக்கு. பழையதை வாங்குவதில் தவறில்லை. பழையதின் விலைக்கு வாங்க வேண்டும். அட்டைப்பெட்டியில் உள்ள வரிசை எண், ஸ்விட்சின் மேல் ஒட்டியுள்ள எண், 'ஷோ வெர்ஷன்' கட்டளைக்குத் திரையில் வரும் எண் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் விளக்கம் கேளுங்கள். மூன்றையும் மாற்றச் சொல்கிறாரே, அவர் கொண்டுவரும் அடுத்த பெட்டிக்கும் இதே சோதனைதான். ஒழுங்காகப் பணம் கொடுத்து வாங்கியவருக்குக்கூடப் பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மென்பொருள் திருத்தம் தர மறுக்கும் நிறுவனங்கள் இருப்பதால்தான் இந்த இடைத்தரகர்கள் கொழிக்கிறார்கள் என்பது என் கருத்து.

எடைமேடை அலுவலகத்திலிருந்து 100 மீட்டரைத் தாண்டியிருந்தால் செப்புக் கம்பி ஆகாது. தாண்டாவிட்டாலும், ஐப்பசி இடியை நினைத்துக் கட்டடத்துக்குக் கட்டடம் மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழைக் கம்பியே போடுங்கள்.

யூபிஎஸ் வாங்கச் சொல்லுவார், வாங்குங்கள். ஆனால் பிளக்கைப் பிடுங்கும் சோதனை முடிந்த பிறகு வாங்குங்கள். சேமிக்காத ஸ்விட்சுக்கு யூபிஎஸ் போட்டால் குறை மறைந்துதான் இருக்கும். பிசான அறுவடையில் லாரிகள் சாலைவரை நிற்கும் நாளில் அதன் பேட்டரி தீரும்போது மறுபடி அவரைத்தான் கூப்பிடுவீர்கள்.