கோத்தகிரியிலிருந்து லண்டனுக்கு: 9 மாத ஆங்கிலப் படிப்பும் பகுதிநேர வேலையும்

லண்டனில் 9 மாத ஆங்கிலம் படித்துக்கொண்டே பகுதிநேர வேலையும் பார்க்கலாம் என்று சொல்லும் ஏஜென்டிடம் முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். 9 மாத ஆங்கிலப் படிப்புக்குப் பொதுவாகக் கிடைப்பது குறுகியகாலப் படிப்பு விசா. அதில் வேலை பார்க்க அனுமதியே இல்லை. அங்கிருந்தபடி நீட்டிக்கவும் முடியாது.

பட்டப்படிப்பு விசாவில் உள்ள வேலை அனுமதியை உங்கள் ஏஜென்ட் இதோடு குழப்பியிருக்கலாம்.

பிரிட்டிஷ் கவுன்சில் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற ஆங்கிலப் பள்ளிகளின் பட்டியல் இருக்கிறது. சேர்க்கைக் கடிதத்திலுள்ள பெயரையும் முகவரியையும் அதனோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். குன்னூரில் என் தங்கை மகளுக்கு வந்த கடிதத்தில் தெருப் பெயரே வேறாக இருந்தது. அதைக் கண்டதால்தான் தேயிலைத் தோட்டம் அடமானத்துக்குப் போகாமல் தப்பியது.

பட்டியலில் இல்லை என்பதாலேயே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். வேறு சில அமைப்புகளின் அங்கீகாரமும் விசாவுக்குச் செல்லும். எந்த அமைப்பு, வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர் என்று பள்ளிக்கே நேரடியாக எழுதிக் கேளுங்கள்.